அம்ப்ளிபயருக்குப் போர்த்திய பொன்னாடை

நேற்றுப் பின்னேரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்ட உன் அப்பன் எழுதுகிறேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். ஆமாம், கோபத்தில்தான் வைத்தேன். "ஜெர்மனி வேலைய வேணாம்னு சொல்லிடப் போறேன்ப்பா. நான் இல்லாம நீங்க தனியா சமாளிக்க மாட்டீங்க" என்று நீ சொன்னதும் எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் கம்பளை டவுன் முழுக்கக் கேட்டிருக்கும். உன் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "வாயால பேசினா சண்டைதான் வரும், உக்காந்து எழுதுங்க" என்றாள். அதனால் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரியும். நாளைக் காலையில் இதைப் பார்சலாகக் கட்டிக் கொழும்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். பார்சலுக்குள் கடிதத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. நீ பொறுமை இல்லாதவள், முதலில் அதைத்தான் பிரித்திருப்பாய். பரவாயில்லை, வாசித்து முடிக்கும்போது அது எதற்கு வந்தது என்று உனக்கே விளங்கும்.

உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் பள்ளிக்கூடச் சொக்ஸை நான் அம்ப்ளிபயர் மேல்தான் காயப்போடுவேன். கம்பளையில் மழை பிடித்தால் ஒரு கிழமைக்குத் துணி காயாது. கலியாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்கு விடுகிற அம்ப்ளிபயர் ஒன்று எப்போதும் கடையில் பாடிக்கொண்டிருக்கும், அதன் முதுகில் சீப்புப் பல் மாதிரி அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும், கையை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கும். சொக்ஸ் காய அதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் நீ கதிரையில் ஏறி நின்றுகொண்டு, "இந்தச் சீப்பு எதுக்குப்பா?" என்றாய். "சூடு போறதுக்கு." "எங்க போகும்?" "வெளிய." "வெளியன்னா எங்க?" எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. "போய்ப் படி புள்ள" என்று விரட்டிவிட்டேன். நீ போகவில்லை. சொக்ஸை எடுத்துவிட்டு அந்தத் தகடுகளுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்து, காற்று மேலே ஏறுவதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. என் கடையில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் நீதான்.

அந்தக் கேள்வியோடு நீ பேராதனை வரைக்கும் போய்ப் படித்து, கொழும்பில் எலெக்ட்ரோனிக்ஸ் வேலையும் வாங்கினாய். நான் இங்கே அதே தொழிலில்தான் இருந்தேன். என் தொழிலில் எனக்குப் பெரிய மரியாதை என்றால் அது ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் தேர்தான். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தத் தேருக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். தேருக்குப் பின்னால் ட்ராக்டர் பெட்டி, பெட்டியில் ஜெனரேட்டரும் அம்ப்ளிபயரும், பக்கத்தில் நான். மலை முழுக்க, தொழிலாளர் குடியிருக்கிற லயம் ஒவ்வொன்றுக்கும் தேரின் நாதஸ்வரம் கேட்கும். மூன்று வருடத்துக்கு முந்திய தேரில் முதல் தடவையாகச் சத்தம் நின்றுபோனது. சரியாக நடு வெயிலில், தேர் வளைவு திரும்பும்போது. கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்தது, பிறகு மறுபடி நின்றது. நான் ஜெனரேட்டர் ராஜுவோடு சண்டைக்குப் போனேன், அவன் என் வயரைக் குறை சொன்னான், இரண்டு பேரும் சாமி முன்னால் கத்திக்கொண்டோம். கோயில் தலைவர் ஒரே முடிவாகச் சொன்னார்: "இது சாமி குத்தம். மெஷினுக்கு நாம ஒரு மரியாதயும் செய்யல."

அடுத்த வருடம் மரியாதை செய்தார்கள். அந்தக் கூத்தைப் பார்க்க நீ லீவு போட்டு வந்திருந்தாய். தேர் புறப்படும் முன் அம்ப்ளிபயருக்குப் பூசை நடந்தது. முன்பக்கம் மூன்று பட்டை விபூதி, முதுகுத் தகடுகளில் கைநிறையச் சந்தனம், குங்குமம், ஒரு தடித்த செவ்வந்தி மாலை. கடைசியில் தலைவர் ஜரிகை போட்ட சிவப்புப் பொன்னாடையை விரித்து, மந்திரிக்குப் போர்த்துகிற மாதிரி அம்ப்ளிபயருக்குப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பெட்டியில் இடம் போதாதென்று அம்ப்ளிபயரை நான் வேறு பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தேன். முந்திய வருடம் வளைவு வரைக்குமாவது பாடிய மெஷின் அந்த வருடம் கோயில் வாசலைத் தாண்டியதும் வாயை மூடிக்கொண்டது.

அப்போது சனங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "இனி கண்டி ஸ்பீக்கர் கம்பெனிக்காரன்தான் சரி" என்று கமிட்டியில் ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். நீ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, சேலையைத் தூக்கிச் செருகி, ட்ராக்டர் பெட்டியில் ஏறி, ஒரே இழுப்பில் அந்தப் பொன்னாடையை உருவினாய். மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். "ஏம்மா, பொம்பளப் புள்ள சாமி முன்னால செய்ற வேலையா இது?" என்று தலைவர் கேட்டார். அந்த இடத்தில் நானாக இருந்தால் கத்தியிருப்பேன். நீ கத்தவில்லை.

"ஐயா, மரியாத செஞ்சது சந்தோசம். ஆனா இதுக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் கைய வச்சுப் பாருங்க."

தலைவர் கையை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார். "சுடுதே."

"போன வருசமும் நடு வெயில்ல இப்படித்தான் சுட்டிருக்கும். ரொம்பச் சூடானா உள்ள எல்லாம் கருகிப் போகும்னு அது தானாவே நிறுத்திக்குது. ஆறினதும் திரும்பப் பாடுது. சாமி குத்தம் இல்ல ஐயா, போர்வதான் குத்தம்."

யாரோ ஒரு பெண்பிள்ளை கூட்டத்தில் சிரித்தாள், தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ மாலையைக் கழற்றித் தேர்க் கட்டையில் போட்டாய். ஈரத்துணியைப் பிழிந்து தகடுகளுக்கு இடையில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துடைத்தாய். ராஜுவையும் என்னையும் பிடிக்கச் சொல்லி அம்ப்ளிபயரை நிமிர்த்தி, தகடுகள் மேலும் கீழுமாக நிற்கும்படி வைத்தாய். கோயில் மேசை விசிறி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதன் முதுகுக்கு நேரே ஓடவிட்டாய். கொஞ்ச நேரம் போனது. நாதஸ்வரம் வந்தது, தேர் கொட்டகைக்குத் திரும்பும் வரைக்கும் நிற்கவில்லை. அன்றைக்கு நான் ட்ராக்டர் பெட்டியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். எத்தனையோ வருடம் அந்தப் பெட்டியில் போயிருக்கிறேன், அன்றைக்குப் போன மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனதில்லை. இதை உன்னிடம் நேரே சொல்லவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

மறுநாள் கடையில் அம்ப்ளிபயரைத் திறந்து வைத்துக்கொண்டு நீ எனக்கு எடுத்த பாடத்தை நான் மறக்கவில்லை. சத்தம் பெரிதாகும்போது டிரான்சிஸ்டருக்குள் ஒரு பகுதி மின்சாரம் சத்தமாகாமல் சூடாகிவிடுகிறது. அந்தச் சூடு பிறக்கிற இடம் நகக்கண் அளவுகூட இல்லை. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து காற்றுக்கு நேரே சூடு போகாது, அதனால் முதலில் அலுமினியத்துக்குள் பரவ விடவேண்டும். அலுமினியம் சூட்டை வாங்கி எங்கும் பரப்பும். தகடு தகடாக அதை வெட்டியிருப்பது காற்று தொடுகிற பரப்பைக் கூட்டத்தான், அதே கட்டி உருண்டையாக இருந்தால் காற்றுக்குத் தொட இடமே இருக்காது. சூடான காற்று மேலே ஏறும், கீழேயிருந்து குளிர்ந்தது உள்ளே வரும். தகடுகளைச் சாய்த்துப் படுக்கவைத்தால் அந்த வழி அடைபடும். "இந்தச் சீப்புக்குப் பேருதான் ஹீட் சிங்க். அது சூட்டை முழுங்குற சாமான் இல்லப்பா, கடத்தி விடுற சாமான். வாங்கி வெளிய குடுக்கணும். வெளிய குடுக்க வழி இல்லாட்டி அதுவும் சூடாகித்தான் நிக்கும்" என்றாய். அப்போதுதான் எனக்கு உன் பழைய கேள்வி நினைவு வந்தது. 'வெளிய' என்றால் எங்கே என்பதற்கு நீயே பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தாய்.

பிறகு அந்த வெள்ளைப் பசை விஷயம். டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் பூசுகிற பசையை நான் நிறையப் பூசினால் நல்லது என்று அப்பிக்கொண்டிருந்தேன். நீ தலையில் கையை வைத்துக்கொண்டாய். "அப்பா, இது சந்தனம் இல்ல." இரண்டு உலோகமும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் இடையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருக்கும், பள்ளத்தில் காற்று நிற்கும், நிற்கிற காற்று சூட்டை விடாது, அந்தப் பள்ளத்தை நிரப்ப மட்டும்தான் பசை, அதற்கு மேல் பூசினால் பசையே தடை என்று விளக்கினாய். தோசைக்கல்லில் துணியால் எண்ணெய் துடைக்கிற அளவு என்று உன் அம்மா குசினியிலிருந்து சொன்னாள். நீ, "அதுதான்ம்மா கரெக்ட் அளவு" என்றாய். டிரான்சிஸ்டரின் முதுகில் மின்சாரமும் இருப்பதால், சூட்டைக் கடத்திவிட்டு மின்சாரத்தை மறிக்க நடுவில் ஒரு மெல்லிய மைக்காத் தகடு வைக்க வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். அதைப் பார்த்து நீ, "இதாவது ஒழுங்கா செஞ்சிருக்கீங்க" என்று ஒரு பாராட்டுத் தந்தாய். அதை வைத்து ஒரு கிழமை ஓட்டினேன்.

அதற்குப் பிறகு என் கண் கெட்டுவிட்டது மகளே. எங்கே போனாலும் மெஷின்களின் முதுகைத்தான் தேடுகிறேன். வீட்டு எல்ஈடி பல்பின் கழுத்தில் ஏன் அவ்வளவு கனம் என்று இப்போது தெரிகிறது, பல்பு குளிர்ந்த வெளிச்சம் தந்தாலும் உள்ளே இருக்கிற துண்டு சுடத்தான் செய்கிறது. த்ரீவீலில் ஏறினால் சார்ஜ் ரெகுலேட்டரின் தகடுகளில் சேறு அப்பியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன், டிரைவர்மார் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். உன் லெப்டொப்பை மெத்தையில் வைத்து நீ படம் பார்க்கும்போது அடியில் புத்தகம் செருகினேனே, நீயே சிரித்தாய். அதற்குள்ளே தகட்டுக்கு இடமில்லாமல் செம்புக் குழாய் வைத்துச் சூட்டை ஓரத்து விசிறி வரைக்கும் கூட்டிப் போகிறார்கள் என்று சொன்னாய். செம்பு அலுமினியத்தைவிட நன்றாகக் கடத்தும், ஆனால் கனமும் விலையும் கூட என்றாய். அம்பிட்டியவில் உன் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, சோலார் இன்வெர்ட்டரை மேற்கு வெயில் அடிக்கிற சுவரில், பழைய கதிரை அடுக்கி மூடி வைத்திருந்தான். "பின்னேரமானா கரண்ட் கொறையுது, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று புலம்பினான். நான் கதிரைகளை எடுத்துப் போட்டுவிட்டு அதன் பக்கவாட்டுத் தகடுகளைக் காட்டி, "மொதல்ல இத நிழல் சுவருக்கு மாத்து, இதச் சுத்தி ஒரு சாண் வெளி விடு" என்றேன். "அண்ணனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" "என் மக சொல்லிக்குடுத்தா." அந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்காகவே நான் ஊரெல்லாம் முதுகு பார்த்துத் திரிகிறேன் என்று உன் அம்மா கேலி செய்கிறாள். அவள் சொல்வது பொய்யில்லை.

போன வருடத் தேருக்கும் நீ வந்தாய், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அப்போதே என் கை நடுங்குவதைக் கவனித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். ஸ்க்ரூவை நான் எடுக்கும் முன் நீ எடுத்தாய், ஏணியை நான் பிடிக்கும் முன் நீ பிடித்தாய். இந்த வருடம் உனக்கு லீவு கிடைக்கவில்லை. நேற்றுத் தேர் முடியும் வரைக்கும் மணிக்கு ஒரு தடவை என் போன் அடித்திருக்கிறது. போனை நான் வேண்டுமென்றேதான் வீட்டில் விட்டுப் போனேன். கையில் இருந்தால் எது ஒன்றுக்கும் உன்னைக் கேட்டிருப்பேன், கேட்காமல் செய்ய முடியுமா என்று பார்க்க ஆசை. அம்மாவின் போனுக்கு எடுத்தாய், மேளச் சத்தத்தில் அவளுக்கு ஒரு இழவும் கேட்கவில்லை, வைத்துவிட்டாள். நீ அங்கே இருந்துகொண்டு அப்பா விழுந்துவிட்டார், அம்ப்ளிபயர் நின்றுவிட்டது, கோயில் கைவிட்டுப் போய்விட்டது என்று ஒரு முழுப் படம் ஓட்டியிருக்கிறாய். பின்னேரம் வீட்டுக்கு வந்து நான் தேர்க் கதையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஜெர்மனி வேண்டாம் என்று முந்திக்கொண்டாய். இப்போது கேள்.

தேருக்கு முந்திய நாள் ஒரு டிரான்சிஸ்டர் போய்விட்டது. மாற்றியே ஆகவேண்டும். டிரான்சிஸ்டரை என்னால் கழற்ற முடிந்தது, அந்த மைக்காத் தகட்டை இடுக்கியால் பிடித்து நேராக வைக்க மட்டும் இந்தக் கை ஒத்துழைக்கவில்லை. வைத்தேன், நழுவியது. மறுபடி வைத்தேன், மறுபடி நழுவியது. சரி, தலைவரிடம் போய்க் கண்டிக்காரனையே கூப்பிடச் சொல்வோம் என்று சட்டையை மாட்டிவிட்டேன். உன் அம்மா தேருக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தவள் நாரைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க." மல்லிகைக் காம்பு பிடிக்கிற அந்த விரல்கள் மைக்காவை ஒரே தடவையில் வைத்தன. பசையும் அவள்தான் பூசினாள், தோசைக்கல் அளவு. ஸ்க்ரூவை நான் இறுக்கினேன். மின்சாரம் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன், இல்லை. காலையில் ராஜு புதிதாக ஒரு மரச் சட்டம் அடித்துக்கொண்டு வந்தான், அம்ப்ளிபயர் அதில் நிமிர்ந்து நிற்கும், விசிறிக்கும் இடம் உண்டு. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தால் உன் பாதியாவது வருவோம் போலிருக்கிறது.

வெயில் கொளுத்தியது. வளைவு வந்ததும் நான் தகடுகளில் கையை வைத்தேன், சுட்டது, ஆனால் கை பொறுக்கிற சூடு. உன் பழைய வழக்கப்படி மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன், காற்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை மகளே. தேர் கொட்டகைக்கு வந்ததும் தலைவர் பொன்னாடையை எடுத்துக்கொண்டு நேரே ட்ராக்டர் பெட்டிக்கு வந்தார். மறுபடி அதற்கே போர்த்தப் போகிறார் என்று நான் குறுக்கே கையை நீட்டினேன். அவர் அம்ப்ளிபயரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதுக்குப் போத்தக் கூடாது, ஒங்க மக சொல்லியிருக்கு" என்று சத்தமாகச் சொல்லி எனக்குப் போர்த்தினார். அந்த வெயிலில் எனக்குத்தான் வேர்த்து ஊற்றியது. மலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நான் அழுதுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அம்மா சொல்லிவிடுவாள்.

நீ போகப் போகிற வேலை மின்சார ரயில் எஞ்சினுக்குள்ளே சூட்டை வெளியேற்றும் வழி பண்ணுகிற வேலை என்று சொன்னாய். ரயிலே நின்றுபோகாமல் பார்க்கிற வேலை. எங்கள் தோட்டத்துத் தேரில் சத்தம் நின்றுபோகாமல் பார்த்தவளுக்கு அது ஏற்ற வேலைதான். அங்கே போனதும் எல்லாரையும்விட அதிகம் வேலை செய்வாய், எனக்குத் தெரியும், யார் பாரத்தையும் நீயே வாங்கி வைத்துக்கொள்வாய். வாங்கு, ஆனால் வெளியேயும் கொடு. ஒரு தோழியைப் பிடி, சனி ஞாயிறு வெளியே நட, மனது சரியில்லாத நாளில் அம்மாவிடம் பேசு. சமைக்கக் கற்றுக்கொள், உன் சாம்பாரை நம்பி ஜெர்மனியில் யாரும் இருக்க முடியாது. எங்களுக்காக நிற்காதே. நீ இங்கே நின்றால் நான் உன் மேலே போட்ட போர்வை ஆகிவிடுவேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

பார்சலில் இருக்கிற சிவப்புப் பொன்னாடை அதுதான். என் வேர்வை போகவென்று அம்மா துவைத்துக் காயவைத்திருக்கிறாள், அம்ப்ளிபயர் மேலே இல்லை, கொடியில்தான். அது உனக்கு வரவேண்டிய மரியாதை, என் தோளில் கொஞ்ச நேரம் இருந்தது, அவ்வளவுதான். அங்கே குளிர் எலும்பைத் தொடுமாம். மெஷினுக்குத்தான் போர்த்தக் கூடாது, நீ போர்த்திக்கொள்.

போனை அம்மா அலுமாரிக்கு மேலிருந்து இறக்கித் தந்துவிட்டாள். "போயிட்டு வர்றேன்ப்பா" என்று சொல்வதாக இருந்தால் கூப்பிடு. முதல் மணியிலேயே எடுப்பேன்.